சப்ஸ்ட்ரிங் குறிப்பில் எடுத்துக்காட்டு எங்கே வரணும்?

லயத்துவீடு:
சுங்கை சிப்புட் சனிக்கிழமை வகுப்புக்கு ஈமேக்ஸ் எடிட்டரின் நிரல்மொழியான ஈமேக்ஸ் லிஸ்ப்பின் கட்டளைகளுக்குக் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறோமே, அதில் 'சப்ஸ்ட்ரிங்' பற்றி இருப்பது இவ்வளவுதான்: "சரத்தின் ஒரு பகுதியைத் தரும்." சரம் என்றால் எழுத்துத் தொடர். இதை நம்பி "பால்மரம்" என்ற சொல்லுக்குத் தொடக்கம் 0, முடிவு 5 என்று கொடுப்பவர் ஐந்தெழுத்தும் வரும் என்றுதான் நினைப்பார். வருவதோ "பால்ம". ஈமேக்ஸ் எண்ணுவது யூனிகோடு குறிகளை; துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. அந்தச் சொல்லுக்குக் குறிகளை எண்ணும் 'லெங்த்' 8, பைட்டுகளை எண்ணும் 'ஸ்ட்ரிங்-பைட்ஸ்' 24. இந்த எடுத்துக்காட்டு டாக்ஸ்ட்ரிங்குக்குள்ளேயே, அதாவது கட்டளையோடு ஒட்டியிருக்கும் விளக்கத்துக்குள்ளேயே வரணும்.

பிறைக்குறி:
அண்ணே, அங்கே அடைக்காதீங்க. ஒவ்வொன்றுக்கும் நாலு எடுத்துக்காட்டு போட்டால் விளக்கத்தைத் தேட வேண்டியதாகிவிடும். ஈமேக்ஸ் 28ஆம் பதிப்பிலிருந்து, எடுத்துக்காட்டுகளைத் தொகுத்துக் காட்டும் ஷார்ட்டாக் பக்கம் இருக்கிறதே! அதில் ':இவால்' போட்டால், பக்கம் திறக்கும்போது தானே இயக்கி விடையைக் காட்டும். கையால் எழுதிய விடை மாதிரி பழசாகாது.

லயத்துவீடு:
சப்ஸ்ட்ரிங்குக்குச் சரி தம்பி. முன்னோக்கித் தேடும் 'ரீ-சர்ச்-ஃபார்வர்ட்' கர்சரையே நகர்த்துமே? அங்கே இயக்காமல் விடும் ':நோ-இவால்' போட்டு விடையைக் கையால்தான் எழுதணும். அதோடு, அதற்குக் கொடுக்கும் 'நோஎரர்' என்ற உள்ளீட்டைப் பற்றி நம் வரைவில் "நோஎரர் கொடுத்தால் பிழை வராது" என்று இருக்கிறது. பாதிதான் உண்மை. அது நில் (nil, 'இல்லை' என்ற மதிப்பு) என்றால், தேடியது கிடைக்காதபோது பிழை காட்டி நிரல் அங்கேயே நிற்கும். டி (t, 'ஆம்' என்ற மதிப்பு) என்றால் நில் திரும்பும், கர்சர் அசையாது. வேறு எதைக் கொடுத்தாலும் நில்தான் திரும்பும், ஆனால் கர்சர் தேடல் எல்லைக்கே போய்விடும். எல்லை கொடுக்காவிட்டால் கோப்பின் கடைசிக்கு. அடுத்த வரியில் எழுத்தைச் செருகும் 'இன்சர்ட்' இருந்தால் எழுத்து எங்கே விழும் பாருங்க.

ரம்புத்தான்:
இடத்துக்குச் சண்டை போடுறீங்க, திருப்பித் தரும் மதிப்பை யாரும் எழுதவில்லை. ஒரு மாறியில் (variable) வைத்த பட்டியலில் "லயம்", "ஆலை" இருக்கிறது. 'டெலீட்' வைத்து "லயம்" நீக்கினால், திரும்பி வருவதில் "ஆலை" மட்டும். மாறியைத் திறந்தால் இரண்டும் அப்படியே! முதல் உறுப்பை நீக்கும்போது மாறி பழைய தலையையே பிடித்துக்கொண்டிருக்கும். நடுவில் உள்ளதை நீக்கினால், மாறியில் மதிப்பை வைக்கும் 'செட்க்யூ' இல்லாமலும் சரியாக வந்துவிடும், அதனால்தான் பிழை ஒளிந்துகொள்கிறது. "விடையைச் செட்க்யூவால் மாறியில் மறுபடி வை" என்பது முதல் வரியிலேயே வரணும். கட்டளைகளைத் தேடித் தரும் அப்ரோபோஸ் அந்த ஒரு வரியைத்தான் காட்டும்.

பிறைக்குறி:
முதல் வரி விஷயம் ஒத்துக்கிறேன். நோஎரர் மூன்று நிலையும் டாக்ஸ்ட்ரிங்கில் வரட்டும், அது விளக்கம். எடுத்துக்காட்டு ஷார்ட்டாக்கிலேயே இருக்கட்டும். கையால் எழுதும் விடைக்கெல்லாம் 'வித்-டெம்ப்-பஃபர்' என்ற தற்காலிக இடத்தை வைத்து, ஈமேக்ஸின் சோதனைக் கருவியான ஈஆர்டியில் ஒரு சோதனை எழுதுகிறேன்.

லயத்துவீடு:
அப்போ "தோட்டம்" என்பதையும் சேர். ஓகாரக் குறியை ஒன்றாகத் தட்டினால் லெங்த் 7. ஏகாரக் குறியும் துணைக்காலுமாகப் பிரித்துத் தட்டினால் 8. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டையும் ஒரே வடிவாக்கும் 'யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ஸ்ட்ரிங்' வழியாக அனுப்பிவிட்டு எண்ணு, இல்லையென்றால் உன் விசைப்பலகையில் தேறுகிற சோதனை என் விசைப்பலகையில் விழும்.