ஊர் ஹாலில் 'ஃபவுல் சப்பர்': பையும் சுட்டுக் குடுத்து, டிக்கெட்டும் வாங்கணுமாம்!

நெல்லைப்பொண்ணு:
கனடாவுல சாஸ்கட்செவன் மாகாணம், சாஸ்கடூன்ல இருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊருக்கு ஏப்ரல்ல வந்தோம். வீட்டுக்காரருக்கு பொட்டாஷ் சுரங்கத்துல வேலை. ஊர்ல 300 பேர் இருந்தா அதிகம். ஒரு போஸ்ட் ஆபீஸ், ஒரு பெட்ரோல் பங்க், பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடம், அப்புறம் தகரம் அடிச்ச ஒரு ஹால். ஏதோ கோதுமைக் கிட்டங்கின்னுதான் ஆறு மாசமா நெனச்சிட்டிருந்தேன்.

போன வாரம் ஒரு பாட்டி கதவைத் தட்டுனாங்க. ஞாயித்துக்கிழமை ஹால்ல ஃபவுல் சப்பராம் (ஊர் கூடிச் சாப்பிடுற வான்கோழி விருந்து), நான் ரெண்டு பை கொண்டு வரணுமாம். (கைப்பை இல்ல, மாவுக்குள்ள பழம் வச்சு அடுப்புல சுடுற பை.) முடியுமான்னு ஒரு வார்த்தை கேக்கல, நோட்டுல பேரை எழுதிட்டுப் போயிட்டாங்க. போறப்போ, டிக்கெட்டை போஸ்ட் ஆபீஸ்ல வாங்கிக்கோன்னு வேற சொன்னாங்க. சமைச்சும் குடுத்து, சாப்பிடக் காசும் குடுக்கவா? இது என்ன நியாயம்? போகாம இருந்தா தப்பா நெனப்பாங்களா?

கோதுமைக்காட்டு அக்கா:
தங்கச்சி, ஓம், சமைச்சும் குடுக்கோணும், காசும் குடுக்கோணும். நான் 1996இல நேர்ஸ் வேலைக்கு இஞ்ச வந்தனான். முதல் வருசம் எனக்கும் உதே கோவம்தான். பிறகு எங்கட ஹாலின்ர கணக்குப் புத்தகம் என்ர கையில வந்தது. கூரை, ஹாலைச் சூடாக்கிற ஃபர்னஸ், இன்சூரன்ஸ் எல்லாச் செலவையும் அந்த ஒரு நாள் வான்கோழி டிக்கெட் காசுதான் சுமக்குது.

ஏன் இப்பிடி எண்டு கேட்டால் கொஞ்சம் பின்னுக்குப் போகோணும். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியேற வாறவை 10 டொலர் கட்டினால் அரசாங்கம் 160 ஏக்கர் காணி குடுத்தது. கலியாணம் கட்டின பொம்பிளையின்ர பேரில இல்லை, புருசன்ர பேரில. ஒவ்வொரு 160 ஏக்கரிலயும் ஒரு வீடு எண்டால் யோசிச்சுப் பாருங்கோ: சுத்திவரப் பனி, மாரி முழுக்க வேற ஒரு பொம்பிளையின்ர முகம் காணேலாது. பிள்ளைப்பேற்று வலி வந்தால் டொக்டர் எங்கயோ தூரத்தில. அதாலதான் பள்ளிக்கூட அறையிலயும் ஹாலிலயும் கூடத் தொடங்கினவை.

1911இல சாஸ்கட்செவன் பல்கலைக்கழகத்தின்ர துணையோட 'ஹோம்மேக்கர்ஸ் கிளப்' எண்டு தொடங்கினது. பேரைக் கேட்டால் பாண் சுடப் பழக்கிற இடம் மாதிரி. பழக்கினவைதான். ஆனா டவுனுக்குக் குதிரை வண்டிலில வாற தாய்மார் கைக்குழந்தையோட ஆறியிருக்க ஒரு அறை எடுத்துக் குடுத்ததும் உந்தக் கிளப்புகள்தான். ஆம்பிளையளுக்கு பார் இருந்தது. இவை எங்க போறது?

பிறகு 1914இல தானியம் விளைவிக்கிற பொம்பிளையளின்ர சங்கத்துக்கு வயலட் மக்நோட்டன் முதல் தலைவி. அவ கேட்டது பண்ணைக்குக் கிட்ட டொக்டர், நேர்ஸ், மருத்துவிச்சி, ஆஸ்பத்திரி. 1916இல முனிசிப்பாலிட்டியள் ஒண்டாச் சேர்ந்து ஆஸ்பத்திரி கட்டலாம் எண்டு சட்டம் வந்தது. அதே வருசம் மார்ச் 14இல பொம்பிளையளுக்கு வோட்டும் கிடைச்சது. நான் இஞ்ச வேலை பார்த்தது அப்பிடி வந்த சின்ன ஆஸ்பத்திரி ஒண்டிலதான், அதால எனக்கு உந்தக் கதை கொஞ்சம் கூடத் தெரியும்.

ஞாயிறு போங்கோ. ஆனா மேசையில போய் இருக்காதேங்கோ, நேர குசினிக்குள்ள போங்கோ. கோப்பை துடைக்க ஒரு துவாய் எடுங்கோ. ஊர்ச் சங்கதி முழுக்க அங்கதான்.

ரெஜினாவாசி:
அக்கா சொல்றது அழகாத்தான் இருக்கு. ரெண்டு விஷயம் மட்டும். அந்த 160 ஏக்கர் சும்மா கிடந்த நிலம் இல்ல, முதற்குடி மக்களோட நிலம். ஒப்பந்தம் போட்டு அவங்களை ரிசர்வுங்கிற தனி நிலத்துக்குள்ள ஒதுக்கினாங்க. 1916 வோட்டும் அவங்களுக்கு இல்ல, 1960 வரைக்கும் காத்திருந்தாங்க.

ரெண்டாவது, பெண்களோட வேலையை இனாமா எடுத்துக்கிறதுக்கு இங்க பெரிய சரித்திரமே இருக்கு. பக்கத்து மாகாணம் ஆல்பர்ட்டாவுல ஐரீன் மர்டாக் 25 வருஷம் புருஷனோட சேர்ந்து மாட்டுப் பண்ணையில உழைச்சாங்க. பிரிஞ்சப்போ பண்ணையில பங்கு கேட்டாங்க. எந்தப் பண்ணைக்காரன் மனைவியும் செய்யற வேலைதானேன்னு கீழ்க் கோர்ட் கைய விரிச்சிடுச்சு. பண்ணையில பங்கு கிடையாதுன்னு 1973ல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. அதனால ரெண்டு பை கேட்டா, 'யாரு கேக்கறா, யாரு சாப்பிடறா'ன்னு நானும் கேப்பேன்.

கோதுமைக்காட்டு அக்கா:
தம்பி, முதலாவதில மறுபேச்சில்லை. நான் எழுதியிருக்கோணும், விட்டிட்டன்.

ரெண்டாவதில பாதிதான் சரி. அந்தக் கேஸைச் சொல்லிச் சொல்லித் திட்டின கிழவியளை நான் கண்டது கோர்ட்டில இல்லை, ஹால் குசினியில, உருளைக்கிழங்கு உரிக்கேக்க. எனக்கு உண்மையான கவலை வேற. ரயில் போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, பத்துப் பண்ணையை ஒருத்தர் வாங்கியாச்சு. இளம் பொம்பிளையள் டவுனில வேலைக்குப் போகினம். இனி ஆர் உரிக்கிறது? பக்கத்து ஊரில போன வருசம் வெளியில ஓடர் குடுத்துச் சாப்பாடு எடுத்தவை. சாப்பாடு நல்லாத்தான் இருந்தது. செலவு போகக் கையில ஒண்டும் மிஞ்சேல்லை.

நெல்லைப்பொண்ணு:
போனேன்! ஆப்பிள் பை ரெண்டும் அடியில ஈரம் கட்டிப் போச்சு, ஆனா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. வான்கோழி, மசிச்ச உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ்ல சோறு வச்சுச் சுருட்டினது, பெரோகி (உக்ரேனிய பாட்டிங்க செய்றது, நம்ம கொழுக்கட்டைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி). 300 பேர் இல்லாத ஊர்ல 400 தட்டு ஓடிச்சு. சுவத்துல பழைய போர்வை ஒண்ணு மாட்டியிருக்கு, முழுக்கப் பேர் தச்சது. காசு குடுத்தவங்க பேரெல்லாம் அதுல தச்சாங்களாம், அந்தக் காசுலதான் தரைக்குப் பலகை போட்டாங்களாம்.

அக்கா சொன்னபடி துண்டை எடுத்தேன். மூணு மணி நேரம் கப்பு துடைச்சேன். யார் மருமக யாரோட பேசலங்கிறது வரைக்கும் இப்போ எனக்குத் தெரியும்.

நேத்து போன். ஊர்ல ஒரு பெரியவர் இறந்துட்டார், சனிக்கிழமை ஹால்ல அடக்கத்துக்கு அப்புறம் சாப்பாடு. நம்ம ஊர்லயும் துக்க வீட்டுல அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்துல இருந்துதானே சோறு போகும். அதனால சரின்னு சொல்லிட்டேன். முட்டை சாண்ட்விச் 3 டஜன் என் பங்கு. ரொட்டி ஓரத்தை வெட்டணுமா, வேண்டாமா?

கோதுமைக்காட்டு அக்கா:
வெட்டுங்கோ. வெட்டாமல் கொண்டுபோனால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம், ஆனா பத்து வருசத்துக்கு மறக்காயினம்.