அட்டை கடித்த காலில் உப்பு

இலங்கை மலையகத்து ஸ்பாக்களில் வேலை செய்யும் மூவர் ஒருவருக்கொருவர் எழுதியவை.

நுவரெலியாவிலிருந்து:

கண்டிப் பக்கம் ஒரு ஹோட்டல் ஸ்பாவில் நான் சேர்ந்து இரண்டாவது மாதம். நக்கிள்ஸ் மலையில் இரண்டு நாள் நடந்துவிட்டு வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் உடம்பு முழுவதற்கும் உப்பு ஸ்க்ரப், அதாவது உப்பால் தேய்த்து இறந்த தோலை உதிர்க்கும் சிகிச்சை, கேட்டிருந்தார். வழக்கம்போல விளக்கை மங்கவைத்துப் பாதத்திலிருந்து தொடங்கினேன். கணுக்காலுக்கு மேலே கை போனதும் அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். என் உள்ளங்கையில் இருந்த வெள்ளை உப்பு இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. அட்டைக்கடி. மூன்று இடங்களில் காய்ந்திருந்த பொருக்கை நான் தேய்த்துப் பெயர்த்துவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள் நான். மழை நாளில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மாவின் காலில் அட்டை கடித்த இடம் நெடுநேரம் கசிந்துகொண்டே இருக்கும். இரத்தத்தை உறையவிடாத பொருளைத் தன் எச்சிலோடு அது இறக்கிவிட்டுப் போகிறது. இத்தனை பழக்கமான காயத்தை நான் பார்க்காமல் விட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. வெதுவெதுப்பான நீரில் உப்பைக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தோம். சிகிச்சையை அத்தோடு நிறுத்திவிட்டோம். மூத்த தெரபிஸ்ட் அக்கா திட்டவில்லை. "விளக்கைக் குறைக்கும் முன் உடம்பை ஒருமுறை பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். இப்போது நல்ல வெளிச்சத்தில் கால், முழங்கை, முதுகு எல்லாவற்றையும் பார்த்த பிறகே துவாயை விரிக்கிறேன். முந்தைய நாள் மயிர் மழித்தார்களா, வாக்ஸ் செய்தார்களா, நீரிழிவு உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார்களா, முகப்பருவுக்கு ரெட்டினாய்டு என்ற தோல் மருந்து பூசுகிறார்களா என்று கேட்காமல் கிண்ணத்தைத் தொடுவதில்லை.

இப்போது நான் வேலை செய்யும் நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக வீசுவதால் வெயில் சுடுவது தெரியாது. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. தொப்பி இல்லாமல் நாள் முழுவதும் சுற்றிவிட்டுச் செக்கச் செவேலென்ற தோளோடு வருபவர்கள் பலர். அந்தத் தோளில் ஸ்க்ரப் போடவே கூடாது. பணம் கட்டிவிட்டேன் என்று அவர்கள் வற்புறுத்தினாலும் கூடாது.

தோலின் மேற்படலம் இறந்த செல்களால் ஆனது. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். உதிரத் தயாராக இருப்பதை உதிர்க்க உதவுவது மட்டுமே எங்கள் வேலை. தேய்க்கும்போது திரிதிரியாக உருள்வதைக் கண்டு, "இவ்வளவு அழுக்கா? இன்னும் அழுத்துங்கள்" என்பார்கள். எல்லாம் அழுக்கல்ல. தோல் சிவக்கத் தொடங்கும்போது என் கை நின்றுவிடும்.

ஜனவரி, பெப்ரவரியில் பனி உறையும் காலத்தில் எல்லோருடைய தோலும் வெள்ளை பூத்துக் கிடக்கும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்து இருக்கிற எண்ணெய்ப்பசையையும் போக்கிக்கொள்வார்கள். அவர்களுக்கு நான் உப்பைத் தொடுவதில்லை; பொடிச்சீனியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக்கொள்கிறேன். ஆனால் நம் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலோடு உறைந்துவிடும். அரை மணி நேரத்துக்கு முன்பே போத்தலை வெந்நீரில் நிறுத்த வேண்டும். அவசரத்தில் கட்டியோடு எடுத்தால் சீனி ஓரிடத்தில் குவியும், நம்மை அறியாமல் கை அழுத்தும், தோல் கீறிப்போகும்.

சென்ற தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். "அந்த ஹோட்டலில் எல்லாருக்கும் செய்வதை எனக்கும் ஒருநாள் செய்துவிடு பிள்ளை" என்றார் அம்மா. விரல்களை விரித்துப் பார்த்தேன். கொழுந்துக் கறை ரேகைகளுக்குள் கறுப்பாக இறங்கியிருந்தது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் முடி நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. எத்தனையோ விருந்தாளிகளுக்குத் தேயிலைத்தூள் ஸ்க்ரப் போட்ட கை எனக்கு. அந்த விரல்களில் ஒரு துகளும் போட மனம் வரவில்லை. கைகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் தடவி விட்டேன். முதுகுக்கு மட்டும் பயற்றம் மாவைக் குழைத்து மெல்லத் தேய்த்தேன். அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். கறை போகவில்லை.

எல்ல என்ற ஊரிலிருந்து:

அக்கா, உங்கள் அட்டைக்கடியைப் படித்ததும் எனக்கு நீரிழிவு உள்ள ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். பதுளையிலிருந்து மகன் அழைத்து வந்திருந்தார். பெரியவர் தன் குதிகாலைக் கல்லால் தேய்க்கச் சொன்னார். "தம்பி, எனக்கு வலிக்கவே இல்லை, நன்றாகத் தேயுங்கள்" என்றார். அந்தச் சொல்தான் என்னை நிறுத்தியது. நீரிழிவில் நரம்பு மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. கல்லைக் கீழே வைத்துவிட்டுப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்கு அடியில் பழைய செருப்பு உரசி உண்டான கொப்புளம் உடைந்திருந்தது. அவருக்கே தெரியாது. "ஐயா, இன்றைக்குத் தேய்க்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்" என்று மகனிடமும் சொல்லி அனுப்பினேன்.

இன்னொன்று. எங்களிடம் ஆயுர்வேத முறையில் உத்வர்த்தனமும் உண்டு. கொள்ளுமாவு போன்ற உலர்ந்த பொடியை மயிர் படிந்த திசைக்கு எதிராக, கீழிருந்து மேலாகத் தேய்ப்பது. பயணிகள் இதையும் ஸ்க்ரப் என்றே நினைத்து வருகிறார்கள். வறண்ட தோல்காரருக்கு அது இன்னும் வறட்சி தரும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹட்டனிலிருந்து:

விருந்தாளியின் தோலைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். நம் கைகளையும் சொல்ல வேண்டும். விடுமுறைக் காலத்தில் ஒரே நாளில் ஐந்து உப்பு ஸ்க்ரப் செய்திருக்கிறேன். மூன்றாம் நாள் நகக்கண் ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. சோறு பிசையும்போது உறைப்பு ஏறிக் கண்ணில் நீர் வந்தது. மேலாளரிடம் சொல்லி, ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு ஸ்க்ரப்தான் என்று மாற்றிக்கொண்டோம். இரவில் வாசலின் பூசிப் பருத்திக் கையுறை போட்டுப் படுக்கிறேன். நுவரெலியா அக்கா, அம்மாவின் விரல் வெடிப்புக்கும் இதைச் செய்து பாருங்கள். காலையில் மலைக்குப் போகும்போது கொழுந்து வழுக்காமலிருக்க நன்றாகத் துடைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.