கப்பல் ஸ்பாவுக்கு ஊரிலிருந்தே பணம் கட்டிவிடலாமா, ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

வடசேரிக்காரி:
என் பெற்றோரின் நாற்பதாவது மணநாளை முன்னிட்டு அடுத்த மாதம் திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் இரண்டையும் தொட்டுத் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். இரண்டாம் நாள் பினாங்கு, மூன்றாம் நாள் புக்கெட், நான்காம் நாள் முழுவதும் கடல், ஐந்தாம் நாள் காலையில் மீண்டும் சிங்கப்பூர். அம்மாவுக்கு முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. ஒரு நாளாவது நல்ல மசாஜ் செய்துகொள்ளட்டும் என்பது அப்பாவின் விருப்பம். கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் ஸ்பா பகுதியைத் திறந்தால், நான்காம் நாளுக்கான நேரங்களில் பாதி ஏற்கெனவே போய்விட்டதாகக் காட்டுகிறது. இப்போதே கட்டிவிடுவது நல்லதா, கப்பலில் ஏறிய பின் பேசிப் பார்ப்பது நல்லதா? பணம் கட்டும் முறையைப் பற்றியும் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டம் பயண முகவர்:
சகோதரி, தயங்காமல் இப்போதே பதிவு செய்யுங்கள். உங்கள் பயணத்தில் கடல் நாள் ஒன்றே ஒன்றுதான். கரையில் இறங்க வழியில்லாத அந்த நாளில் கப்பலில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஸ்பா நினைவு வரும். காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரையிலான நேரங்கள் முதலில் தீர்ந்துபோகும். ஏறிய பின் கேட்டால் இரவு ஒன்பது மணிக்குத்தான் இடம் இருக்கிறது என்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் பெற்றோர் இரவு உணவுக்குப் போவார்களா, மசாஜுக்குப் போவார்களா?

முன்பதிவினால் இன்னொரு வசதியும் உண்டு. பயணம் தொடங்குவதற்கு முன் நிறுவனம் குறிக்கும் கெடுவுக்குள் ரத்து செய்தால் பணம் அப்படியே கார்டுக்குத் திரும்பிவிடும். ஆகவே இன்றைய விலைக்குப் பதிவு செய்து வைத்துவிட்டு, இடையில் தள்ளுபடி வந்தால் பழையதை ரத்து செய்து புதிய விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் வரும் வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான் செய்து கொடுக்கிறேன். கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் அதை மட்டும் முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

குளச்சல் கடலோடி:
முகவர் அண்ணாச்சி சொன்னதில் கடல் நாள் நெரிசல் உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. பயணிகள் கப்பல்களில் அறை பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது சூதாட்டக் கூடத்தையும் வரியில்லாக் கடைகளையும் மூடிவிடுவார்கள். உள்ளூர்ச் சட்டமும் சுங்கமும் அதற்குக் காரணம். ஸ்பாவுக்கு அந்தத் தடை கிடையாது. கதவு திறந்திருக்கும், ஊழியர்கள் காத்திருப்பார்கள், பயணிகளோ ஊர் பார்க்கப் போயிருப்பார்கள். காலியாகக் கிடக்கும் மசாஜ் மேசைகளை நிரப்புவதற்காகத்தான் துறைமுக நாள் சலுகை என்று ஒன்றை அறிவிக்கிறார்கள். அதற்கு முந்தைய இரவே கேபினுக்கு வரும் தினசரித் தாளில் அது அச்சாகியிருக்கும். இப்போது பல கப்பல்களில் கைப்பேசிச் செயலியிலும் வருகிறது. இணையதளத்தில் இந்த விலை பெரும்பாலும் தென்படாது.

உங்களுக்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன், தங்கச்சி. பினாங்கில் கப்பல் நேரே துறையில் கட்டும். படிப்பாலத்தில் நடந்து இறங்கிவிடலாம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். அலையில் ஆடும் படகுக்குள் காலெடுத்து வைப்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு லேசான காரியம் அல்ல. அம்மா அன்று கப்பலிலேயே இருக்கத்தான் போகிறார்கள். அந்த நாளை விட்டுவிட்டு, கூட்டம் நெரியும் கடல் நாளுக்கு முழு விலை கொடுத்து எதற்காக இப்போதே பதிவு செய்ய வேண்டும்?

மார்த்தாண்டம் பயண முகவர்:
அண்ணாச்சி, அந்தச் சலுகையில் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தோள், பாதம், தலை என இருபது இருபத்தைந்து நிமிடத் துண்டுகள் மூன்றைக் கோத்து ஒரு விலை போடுவார்கள். முழு உடலுக்கு ஐம்பது நிமிடம் வேண்டும் என்பவருக்கு அது பயன்படாது. நீராவி அறை, சூடான கல் இருக்கைகள் எல்லாம் உள்ள வெப்பக் கூடத்துக்குப் பயணம் முழுவதற்கும் தரும் அனுமதியோ எண்ணிக்கைக் கட்டுப்பாடு உடையது. ஏறிய அன்று மாலைக்குள் தீர்ந்துபோவதும் உண்டு. காத்திருந்தால் மலிவு என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

பார்வதிபுரம் ஓய்வு:
வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எப்போது பதிவு செய்வது என்று இருவரும் வாதாடுகிறீர்கள். எவ்வளவு கட்டப்போகிறோம் என்பதை யாரும் கணக்கிடவில்லையே.

பட்டியலில் 100 டாலர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான கப்பல்களில் ஸ்பா கட்டணத்தோடு சேவைத் தொகை தானாகவே சேரும். பொதுவாக அது 18 முதல் 20 விழுக்காடு. 18 என்றே கொண்டால் 118 டாலர். நம் ஊர் வங்கிகளின் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டு நாணயச் செலவுக்கு 3.5 விழுக்காடு மேல்கட்டணம் உண்டு, அது 4.13 டாலர். அந்த மேல்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 74 சென்ட். ஆக, நூறு என்று நம்பிப் படுத்தவர் எழுந்திருக்கும்போது கட்ட வேண்டியது ஏறத்தாழ 123 டாலர். பணம் செலுத்தும் பக்கத்திலோ இயந்திரத்திலோ ரூபாயிலேயே கட்டுகிறீர்களா என்று கேட்டால், வேண்டாம், டாலரிலேயே கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததே மாற்று விகிதம். அதன் பிறகும் சில வங்கிகள் தங்கள் மேல்கட்டணத்தை விடுவதில்லை.

கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது. ஏறும்போது ஒரு கார்டைக் கேபின் கணக்கோடு இணைத்துவிடுவார்கள். அறைச் சாவி அட்டையை நீட்டினால் போதும், எல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். அங்கே டெபிட் கார்டை மட்டும் இணைக்காதீர்கள். செலவுக்கு முன்பாகவே ஒரு தொகையை வங்கியில் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது வெறும் வரம்பைக் குறைக்கும், டெபிட் கார்டிலோ உங்கள் சேமிப்புப் பணமே முடங்கும், விடுவிக்கப் பல நாட்கள் ஆகலாம். கிரெடிட் கார்டு இல்லாதவர்கள் வரவேற்பு மேசையில் டாலரை ரொக்கமாகச் செலுத்திக் கணக்கு தொடங்கவும் பல கப்பல்களில் இடமுண்டு. இன்னொன்று: 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியின்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்டே வரும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் அதைத் திறந்து, ஒரு வரம்பும் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வணிகர் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கலாம் என்பதால் அந்த வரம்புதான் உங்களுக்குக் காவல்.

கடைசியாக, கேட்காமலே சேர்க்கும் அந்த 18 விழுக்காட்டை நான் ஏற்பதில்லை. சேவை பிடித்திருந்தால் கொடுப்பதற்குப் பெயர்தான் டிப்ஸ். பில்லிலேயே சேர்ப்பதென்றால் விலையையே 118 என்று போட்டுவிட வேண்டியதுதானே?

குளச்சல் கடலோடி:
சார், கணக்கு சரி. ஆனால் கோபம் தவறான ஆளின் மேல் பாய்கிறது. மசாஜ் செய்யும் அந்தப் பெண்கள் பெரும்பாலும் கப்பல் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். உலகின் பல கப்பல் நிறுவனங்களில் ஸ்பாவைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவது வேறு கம்பெனி. அவற்றில் பெரியதான ஒன்ஸ்பாவேர்ல்டு 2019 முதல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இருக்கிறது. முன்பு ஸ்டைனர் என்ற பெயரில் இருந்த தொழிலின் தொடர்ச்சி அது. அந்தப் பெண்களின் வருமானத்தில் பெரும்பகுதி கமிஷன்தான். மேசை காலியாக இருந்தால் அவர்கள் கையும் காலி. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் கப்பலில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து நிற்பவர்களின் கூலியில் கைவைத்துச் சிக்கனம் பார்க்க வேண்டுமா?

பார்வதிபுரம் ஓய்வு:
உழைப்பவருக்குக் கூலி தர வேண்டியது அவரை வேலைக்கு வைத்தவர். வாடிக்கையாளரின் இரக்கத்தைச் சம்பளப் பட்டியலாக மாற்றும் ஏற்பாட்டை, நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்பதற்காக நான் நியாயம் என்று சொல்லிவிட முடியாது. தானாகச் சேரும் தொகை முழுவதும் மசாஜ் செய்தவர் கைக்கே போய்ச் சேர்கிறது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுபேச்சில்லாமல் கொடுக்கிறேன்.

குளச்சல் கடலோடி:
எழுதித் தர மாட்டார்கள்; அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்காகத்தான் ஒன்று சொல்கிறேன். முடிந்ததும் ஒரு சீட்டை நீட்டுவார்கள். கட்டணம் ஒரு வரி, அதன் கீழே சிறிய எழுத்தில் சேவைத் தொகை ஒரு வரி, அதற்கும் கீழே கூடுதல் டிப்ஸ் என்று வெற்றாக ஒரு கோடு, பிறகு கையெழுத்து. எண்ணெய் வழியும் கையோடு, கண்ணாடி போடாமல் படித்துவிட்டு, டிப்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்று நினைத்து அந்தக் கோட்டில் மறுபடியும் ஒரு தொகையை எழுதுபவர்கள் ஏராளம். வெற்றுக் கோட்டில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, மொத்தத்தை நீங்களே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். செய்தவருக்கு மனமுவந்து தர நினைத்தால் அவர் கையிலேயே ரொக்கமாகக் கொடுங்கள்.

முன்பதிவு செய்பவர்களுக்கும் இது பொருந்தும், முகவர் அண்ணாச்சி. சில நிறுவனங்கள் இணையத்தில் வாங்கும் தொகையிலேயே சேவைத் தொகையைச் சேர்த்துவிடுகின்றன, சில கப்பலில் தனியாகப் போடுகின்றன. உறுதிச் சீட்டில் எது என்று பார்க்காமல் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை.

தக்கலை வைத்தியர் மகன்:
நான்கு தலைமுறையாக வர்ம வைத்தியம் செய்யும் வீட்டில் பிறந்தவன் என்பதால், இந்த விவாதத்தில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கா, அம்மாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். நெடுநாள் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். ஆகவே சூட்டுக் கல் மசாஜும், அதிகச் சூடான வெப்பக் கூடமும் வேண்டவே வேண்டாம். தொடங்கும் முன் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். இணையத்தில் எதையாவது பதிவு செய்துவிட்டு, படிவத்தைப் பார்த்த பிறகு இது உங்களுக்கு ஆகாது என்று அவர்கள் மறுத்தால், அந்த நேரத்தில் வேறு எது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

முழங்கால் வலி கப்பலில் தீரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். முடிந்த கையோடு ஒரு தாளில் கடற்பாசிக் களிம்பு, நச்சு நீக்கும் மாத்திரை என்று வைத்தியச் சீட்டு எழுதுவதுபோல் குறித்து நீட்டுவார்கள். அவற்றின் விலை மசாஜையே மிஞ்சும். நச்சு நீக்குவதற்கு உடலில் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. படிவத்தின் மேலேயே, பொருள் எதுவும் வாங்க விருப்பமில்லை என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். வலிக்குச் சிகிச்சை வேண்டுமென்றால் ஊர் திரும்பிய பின் நாகர்கோவில் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள், டாலரும் வேண்டாம், டிப்ஸும் வேண்டாம்.

மார்த்தாண்டம் பயண முகவர்:
தம்பி, மணநாளுக்குக் கப்பலில் போகிறவர்களைக் கோட்டாற்றுக்கு அனுப்பிவிட்டீர்களே! ஆனாலும் படிவத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். இனி பதிவு செய்யும்போது வயதையும் நோயையும் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

வடசேரிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. அம்மா புக்கெட்டில் இறங்கப் போவதில்லை என்பதை வீட்டில் பேசி உறுதி செய்துவிட்டோம். அன்று காலை பதினொரு மணிக்கு நேரம் கேட்கலாம் என்றிருக்கிறேன். பதிவு செய்த பின் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பணம் போய்விடுமா?

குளச்சல் கடலோடி:
கப்பலில் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு ரத்து செய்தாலும், வராமல் போனாலும் முழுக் கட்டணம் கணக்கில் ஏறும். தாமதமாகப் போனால் மீதி நேரம்தான் கிடைக்கும், விலை குறையாது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சிங்கப்பூரும் பினாங்கும் ஒரே நேரம்; புக்கெட் அவற்றைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரைக்கு அருகில் போனதும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ சில வேளைகளில் சிங்கப்பூர் நேரத்திலேயே நிற்கும். ஸ்பாவில் கணக்கு கப்பல் நேரம்தான். கைப்பேசியில் பத்து என்று பார்த்து அம்மா நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது அங்கே பதினொன்று அடித்திருக்கும். கேபினில் உள்ள தொலைபேசியிலோ தொலைக்காட்சியிலோ காட்டும் நேரத்தை மட்டும் நம்புங்கள்.

மார்த்தாண்டம் பயண முகவர்:
அதெல்லாம் சரி. ஆனாலும் ஏறிய அன்றே, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஸ்பா வரவேற்பில் போய் நில்லுங்கள், சகோதரி. அன்று ஸ்பாவைச் சுற்றிக் காட்டிக் குலுக்கல் பரிசு வைப்பார்கள். பரிசுக்காக உட்கார வேண்டாம், புக்கெட் நாளின் பதினொரு மணியை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அண்ணாச்சி சொல்லும் சலுகைத் தாள் இரவு வரும் வரை காத்திருந்தால், படகில் இறங்க முடியாத அத்தனை அம்மாக்களும் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

குளச்சல் கடலோடி:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரத்தை எழுதி வாங்கும்போதே, அந்த நாளுக்குச் சலுகை விலை வந்தால் எனக்கும் அதே விலையைப் போடுவீர்களா என்று கேளுங்கள், தங்கச்சி. கேட்பவர்களுக்குப் போட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பார்வதிபுரம் ஓய்வு:
கேட்டு வாங்கியதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கடைசி இரவு கேபின் கணக்கைத் திறந்து, சீட்டும் கணக்கும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் இறங்கும் நேரத்தில் வரவேற்பு மேசை வரிசையில் நின்று வாதாட யாருக்கும் பொறுமை இருக்காது.