மூன்லைட் சொனாட்டா: ‘சி’ குறியா, கோடு போட்ட ‘சி’ குறியா?

கேட்டவர்:
வணக்கம். வயதான பிறகு பியானோ கற்றுக்கொள்கிறேன். இப்போது பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா, முதல் பகுதி. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் தொடக்கத்தில் ‘சி’ போட்டிருக்கிறது. அதாவது காமன் டைம், 4/4: ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) நான்கு பீட். இணையத்தில் இறக்கிய பிரதியில் அதே ‘சி’யின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு. நோட்டெல்லாம் ஒன்றுதான். மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) கிராட்செட்டுக்கு (கால் நோட்டுக்கு), நிமிடத்துக்கு 40 தட்டல் வைத்து வாசித்தால் இசை நகரவே மாட்டேன் என்கிறது. கோடு அச்சுப் பிழையா?

ஐந்தரைக் கட்டை:
பிழை உங்கள் பழைய பிரதியில்தான். 1802இல் வியன்னாவில் வந்த முதல் பதிப்பிலேயே கோடு உண்டு. பின்னால் வந்த சில பதிப்புகளில் விட்டுப்போனது. கோடு இருந்தால் 2/2, மினிம்தான் (இரண்டு கிராட்செட் நீளமுள்ள அரை நோட்டு) பீட். வலது கை நோட்டுகளைப் பாருக்கு மும்மூன்றாக நான்கு முறை எண்ணுவதை விட்டு, ஆறாறாக இரண்டு முறை எண்ணுங்கள். மூன்றாம் பாரில் இடது கையைக் கவனியுங்கள்: ஏ, பிறகு எஃப் ஷார்ப். பாருக்கு இரண்டே மாற்றம், பீட் எங்கே என்று அதுவே சொல்லிவிடும்.

சுதி சேராதவன்:
அதற்காக இரட்டை வேகத்தில் ஓட்டிவிடாதீர்கள், மேலே ‘அடாஜியோ’ (மெதுவாக) என்று இருக்கிறது! இன்னொன்று: அந்த ‘சி’ காமன் என்பதன் முதலெழுத்து இல்லை. பழைய குறிமுறையில் முழு வட்டம் மூன்றாகப் பிரிவதற்கு, உடைந்த வட்டம் இரண்டாகப் பிரிவதற்கு. அந்த உடைந்த வட்டம்தான் இது. அசல் காமன் டைம் கைக்குப் பிடிபட மோசார்ட்டின் கே. 545 பியானோ சொனாட்டாவின் முதல் பகுதியை வாசித்துப் பாருங்கள். நான்கு பீட்டும் இடது கையில் தெளிவாக விழும்.

கேட்டவர்:
மினிமுக்கு வைக்க 40க்கும் குறைவாக வேண்டுமே. என் மெட்ரோனோம் சாவி கொடுக்கிற ரகம், 40க்குக் கீழே போகாதே?

ஐந்தரைக் கட்டை:
கிராட்செட்டுக்கு 56 வையுங்கள். ஒன்று விட்டு ஒரு தட்டலை மட்டும் பீட்டாக எண்ணுங்கள்.

கேட்டவர்:
மூன்று நாளாக அப்படித்தான். இப்போது நகர்கிறது, நன்றி! ஐந்தாம் பாரில் மட்டும் தடுக்குகிறேன். மேலே ஜி ஷார்ப் வருகிற இடத்தில், கடைசி செமிகுவேவரை (கிராட்செட்டில் கால் பங்கு) டிரிப்லெட்டின் (மும்மூன்றாக வரும் நோட்டுகளின்) மூன்றாம் நோட்டோடு சேர்த்து அடிப்பதா?

சுதி சேராதவன்:
சேர்த்து இல்லை, அதற்குக் கொஞ்சம் பிந்தி. முதலில் மூன்றாம் நோட்டு, அப்புறம் சுண்டு விரலில் ஜி ஷார்ப், உடனே அடுத்த பார். வலது கையை மட்டும் தனியாகப் பத்து முறை வாசியுங்கள்.