பழைய இன்ஜெக்‌ஷன் வேன், கரும்புகை: நான் கடைசியாகப் பார்த்த இடத்தில்தான் கோளாறு இருந்தது

ஸ்கேனர் மாட்ட வழியில்லாத காலத்து வேன் என்னுடையது. எதுவானாலும் மல்டிமீட்டரும் மூக்கும்தான் துணை. காலையில் சாவியைத் திருப்பினால் நன்றாகவே எடுக்கும், சூடேறியதும் ஐட்லிங்கில் துள்ளும், பின்னால் பெட்ரோல் வாடை, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கரும்புகை. மைலேஜ் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பிளக்கைக் கழற்றினால் நான்கிலும் காய்ந்த கரி, விரலில் கண்மை மாதிரி ஒட்டுகிறது. பிசுபிசுப்பாக இருந்திருந்தால் ஆயில் ஏறுகிறது என்று பயந்திருப்பேன். நான்கும் ஒரே மாதிரி கருத்திருந்ததால், ஒரு இன்ஜெக்டர் மட்டும் ஒழுகுகிறது என்ற சந்தேகத்தையும் விட்டுவிட்டேன்.

ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிளக் மாற்றினேன், அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள் என்று ஆக்சிஜன் சென்சாரையும் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்துப் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்வது) மாற்றினேன். அதே புகை. சூடான இன்ஜினில் அந்த சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்; பழையதும் சரி, புதியதும் சரி, 0.9 பக்கத்திலேயே நின்றது. அதாவது பழைய சென்சார் பெட்ரோல் அதிகம் என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான் புகார் சொன்னவனையே வேலையை விட்டுத் தூக்கிவிட்டேன்.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளப்பதை, நான் சந்தேகப்படவே இல்லை, டாஷ்போர்டில் முள் ஒழுங்காக நடுவில் நின்றதால். அந்த முள்ளுக்கு ஒரு சென்சார், பெட்ரோல் அளவை முடிவு செய்யும் இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தனியாக இன்னொன்று என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. கம்ப்யூட்டருக்குப் போவதை அளந்தேன்: குளிர்ந்த இன்ஜினில் 2,500 ஓம் பக்கம், நன்றாகச் சூடான பிறகு 300 சொச்சம். சூடு ஏற ஏற ஓம் இறங்க வேண்டும். சென்சார் நல்லாத்தான் இருக்கிறது! சரி என்று பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் பெரிய கனெக்டரை உருவி, அதே இரண்டு வயர்களை அந்த முனையில் அளந்தால் 6,000க்கு மேல், வயரை ஆட்டினால் எண் தாவுகிறது. இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் ஏதோ பனியில் நிற்பதாக நினைத்து, குளிரில் ஊற்றுகிற அளவுக்குப் பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. இன்ஜின் சூடாகவில்லை என்று அது நம்பிக்கொண்டிருக்கும் வரை ஆக்சிஜன் சென்சார் பேச்சைக் காதில் வாங்காது, அதனால்தான் புது சென்சாராலும் ஒன்றும் ஆகவில்லை.

சென்சார் கனெக்டரிலிருந்து ஒரு விரல் நீளம் தள்ளி வயரின் மேலுறையைக் கீறினேன், உள்ளே தாமிரம் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. வெட்டி, புது வயர் சால்டர் வைத்தேன். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்ததால் ஆயிலையும் மாற்றினேன். இரண்டாம் நாளே புகை இல்லை.

*

எனக்கும் இதே புகைதான் அண்ணே, ஆனா காரணம் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர், இன்ஜெக்டருக்குப் போகிற பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது. அதிலிருந்து இன்டேக்குக்குப் போகிற சின்ன வேக்யூம் ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்துவிட்டது. மீட்டரே வேண்டாம், ஒரு நிமிட வேலை. என் வண்டியில் சொட்டுச் சொட்டாக வந்தது, இன்ஜின் சூடாக இருக்கும்போது செய்யாதீர்கள்.

*

என் வேனில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டது. இன்ஜின் சூடே ஏறாது, கம்ப்யூட்டரும் பாவம் குளிருக்கு ஏற்ற மாதிரி ஊற்றிக்கொண்டே இருந்தது. ஹீட்டரில் வெதுவெதுப்பாக மட்டும் காற்று வந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

*

ரெகுலேட்டர் ஹோஸை நேற்று பிடுங்கிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. நன்றாக இருந்த பழைய ஆக்சிஜன் சென்சாரைத்தான் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன்.