கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிற வீட்டுல இருந்து வந்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்த எழுதுங்க

நாசரேத்காரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். விசுவாசத்த அன்னாட வாழ்க்கைல அப்படியே வாழ்ந்த ஆள நேர்ல பாத்திருந்தா இங்க எழுதுங்களேன். பெரிய அற்புத சாட்சி வேண்டாம், அத கேக்க நெறய இடம் இருக்கு. வீட்டுல, கடைல, வேலை பாக்குற எடத்துல பாத்தது போதும். நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.

நான் வாக்கப்பட்டு போனது மெஞ்ஞானபுரம் பக்கத்துல ஒரு சின்ன ஊரு. அந்த ஊரு சர்ச்ச நாங்க கோயில்னு தான் சொல்லுவோம், அதோட கோபுரம் 192 அடி, பனங்காட்டுக்கு மேல எங்க இருந்து பாத்தாலும் தெரியும், எங்க அத்தை அடுப்பங்கரை சன்னல்ல இருந்தும் தெரியும். அத்தை அரிசி டிரம்முக்கு பக்கத்துல ஒரு பழைய பிஸ்கட் டின் வச்சிருப்பாங்க. சோத்துக்கு உழக்கால அரிசி அளந்து எடுத்ததும் அதுல இருந்து ஒரு கைப்பிடி அள்ளி அந்த டின்ல போட்டுட்டு தான் அரிசி களைவாங்க, காலைல பொங்கினாலும் சரி ராத்திரி பொங்கினாலும் சரி, ஆள் கூட வந்தாலும் சரி வீட்டுல அரிசி அடி தட்டினாலும் சரி, அந்த கைப்பிடி மட்டும் தப்பாது. நான் புதுசா வந்த சமயம், மாசக் கடைசி, டிரம்ம கவுத்து தட்டி தான் அரிசி எடுக்கோம், அப்பவும் அத்தை கை அந்த டின்னுக்கு போச்சு. இன்னிக்கு ஒரு நாளு விடலாம்ல அத்தேன்னு கேட்டேன். "ஏட்டி, சோத்துல மிஞ்சினத குடுக்க ஆண்டவரு என்ன நம்ம வாசல்ல நிக்க ஆளா, மொத எடுத்து வச்சுட்டு தான் நமக்கு"ன்னு சொல்லிட்டு வேலைய பாக்க போயிட்டாங்க. பிரசங்கம் எல்லாம் இல்ல, அவ்வளவுதான்.

டின் நெறஞ்சதும் எங்க சபைப் பெண்கள் ஐக்கியத்துல இருந்து ரெண்டு பேரு சாக்குப்பையோட வருவாங்க. அந்தப் பையில எல்லா வீட்டு அரிசியும் ஒண்ணா கலந்து கெடக்கும், பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம். யார் வீட்டு அரிசி எதுன்னு பிரிக்க முடியாது, அது எனக்கு ரொம்ப பிடிக்கும். வசதியான வீட்டு அம்மாவும் பீடி சுத்துற அக்காவும் போட்டது ஒரே பையில.

இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்லங்க. எங்க பக்கத்து வெள்ளாளன்விளைல 1874ல பொறந்த அசரியா ஐயா 1903ல திருநெல்வேலில இந்திய மிஷனெரி சங்கத்த ஆரம்பிச்சப்போ நம்ம ஆளு, நம்ம காசு, நம்ம நிர்வாகம்னு தான் ஆரம்பிச்சாங்க. தோர்ணக்கல் பக்கம் தெலுங்கு தேசத்துக்கு ஊழியத்துக்கு ஆள் போனது இந்த ஊரு சனங்க குடுத்த காணிக்கைல. அப்புறம் 1912ல அசரியா ஐயா ஆங்கிலிக்கன் சபைல முதல் இந்திய பிஷப் ஆனாங்க, அது எல்லாருக்கும் தெரியும். அந்த காணிக்கை எத்தன அடுப்பங்கரைய தாண்டி வந்துச்சுன்னு தான் நான் நெனச்சுக்குவேன்.

உங்க வீட்டுல உண்டா? சொல்லுங்க.

பனங்காட்டுப் பையன்

அக்கா, நீங்க போட்ட அரிசிய சாப்பிட்டு வளந்தவன் நான். உங்க வீட்டு அரிசியான்னு தெரியாது, ஆனா அந்த அரிசி தான்.

அப்பா பனையேறி, சீசன் முடிஞ்சா வருமானம் கெடையாது, நான் ஆறாவதுல இருந்து மிஷன் போர்டிங்ல தங்கி படிச்சேன். அரிசி கலந்து கெடக்கும்னு நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. அந்த சோறு ஒரே மாதிரி வேகாதுக்கா, ஒரு பருக்கை கொழஞ்சு போயிருக்கும் பக்கத்து பருக்கை நறுக்குன்னு இருக்கும். எங்களுக்கு அது பழகிப் போச்சு, லீவுக்கு வீட்டுக்கு போனா அம்மா ஒரே அரிசில பொங்கின சோறு தான் வித்தியாசமா இருக்கும். வார்டன் ஐயாவும் அதே சோறு தான், தனியா சமைக்க சொல்லி ஒரு நாளும் பாத்ததில்ல, தட்ட எடுத்துட்டு வந்து எங்க கூட தரைல உக்காந்துடுவாங்க.

ஒரு கிறிஸ்மஸ் லீவுக்கு முந்தி ஒரு வயசான அம்மா வந்தாங்க, காதுல பாம்படம் போட்டு தொங்குன காது, கைல ஓலைக் கொட்டான், உள்ள கருப்பட்டி. வார்டன் யாரைப் பாக்கணும்னு கேட்டதுக்கு "யாரையும் இல்லய்யா, நான் போடுத அரிசிய சாப்பிடுத பிள்ளையள பாக்கணும்"னாங்க. எங்கள வரிசையா நிக்க வச்சாங்க. அவங்க ஒவ்வொருத்தன் தாடையையும் தொட்டு பேரு கேட்டு கருப்பட்டி துண்டு குடுத்துட்டே வந்தாங்க. என்கிட்ட வந்ததும் உங்கப்பா என்ன செய்யாவன்னு கேட்டாங்க, பனையேறுதாவன்னு சொன்னேன், எங்க வீட்டு அய்யாவும் பனையேறி தான்ன்னு சொல்லிட்டு இன்னொரு துண்டு குடுத்தாங்க. பனைல இருந்து விழுந்து அவரு செத்துப் போனதும், அவங்க கருப்பட்டி காச்சி வித்து தான் காலம் தள்ளுறாங்கன்னும் வார்டன் பெறகு சொன்னாங்க. அப்படிப்பட்ட ஒரு வீட்டுல இருந்து தெனம் ஒரு கைப்பிடி எங்களுக்கு வந்திருக்கு. இப்ப நான் பேங்க்ல வேலை பாக்குறேன், ஒரு பிள்ளையோட போர்டிங் செலவ நானும் வீட்டுக்காரியும் ஏத்துக்கிட்டு இருக்கோம். அந்த அம்மா பேரு கேக்கல, எத்தன பேருக்கு குடுத்தாங்களோ.

கோடம்பாக்கம் வாசி

நான் கிறிஸ்தவன் இல்லைங்க, இங்க எழுதலாமான்னு தெரியல, இருந்தாலும் எழுதுறேன். எங்க தெருவுல மளிகைக் கடை வச்சிருந்த அண்ணாச்சி பத்தி.

அவரு நெல்லைப் பக்கம், பக்கா சர்ச் ஆளு. ஞாயித்துக்கிழமை கடை தொறக்க மாட்டாரு. சென்னைல மளிகைக் கடைக்கு ஞாயித்துக்கிழமை தான் பெரிய வியாபாரம், எதிர் கடைக்காரன் அன்னிக்கு அள்ளிடுவான், நாங்களே எத்தனையோ தடவ சொல்லிருக்கோம், காலைல சர்ச் போயிட்டு மத்தியானமாவது தொறங்க அண்ணாச்சின்னு. சிரிச்சுக்கிட்டே "கடைப் பசங்களும் ஒரு நாள் தூங்கட்டும் சார்"னு சொல்வாரு. பசங்கள்ல முக்காவாசி பேரு இந்துப் பசங்க தான், அவங்கள சர்ச்சுக்கு வான்னு கூப்பிட்டு நான் பாத்ததே இல்ல. லீவு மட்டும் எல்லாருக்கும் உண்டு, சம்பளத்தோட.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. எங்க காம்பவுண்டுல ஒரு அம்மா, வீட்டுக்காரர் திடீர்னு போயிட்டாரு, கடைல பற்று ஏறிப்போய் கெடக்கு. காரியம் எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு அந்தம்மா தாலிக்கொடிய வித்து கடன அடைக்கலாம்னு போனாங்க, நான் சாமான் வாங்க அங்க நின்னுட்டு இருந்தேன். அண்ணாச்சி பற்று நோட்ட எடுத்தாரு, அவங்க பக்கத்த தேடுறாரு தேடுறாரு, பக்கமே இல்ல. கிழிச்சிட்டாரு. கிழிச்ச ஓரம் நோட்டுல இருக்கு, எனக்கு நல்லா தெரியுது. "உங்க கணக்கு எதுவும் இல்லையேம்மா, சார் எப்பவோ குடுத்துட்டாரு போல"ன்னாரு. அவங்க போனதும் நான் கேட்டேன், என்ன அண்ணாச்சி இப்படின்னு. "தெனம் பரமண்டல ஜெபம் சொல்றேன்ல சார், சொல்லிட்டு வந்து இத வசூல் பண்ணா எப்படி"ன்னாரு, அப்புறம் பருப்பு கால் கிலோவா அரைக் கிலோவான்னு கேட்டாரு. அந்த ஜெபம் என்னன்னு பின்னாடி தான் ஒரு ஃப்ரெண்டுகிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன், எங்க கடனாளிகள நாங்க மன்னிக்கிற மாதிரி எங்க கடன எங்களுக்கு மன்னியும்னு அதுல ஒரு வரி வருதாம்.

ஏரல் தம்பி

நாசரேத் அக்கா, கைப்பிடி அரிசி எங்க உயிரையே காப்பாத்துச்சுன்னு நான் சொல்லுவேன்.

2023 டிசம்பர் 17 ராத்திரி. அந்த மழைய டிவில பாத்திருப்பீங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சுது, வருசம் முழுக்க பேய வேண்டிய மழை. தாமிரபரணி கரைய மீறி வந்து ஏரல் சுத்துன ஊரெல்லாம் தண்ணி, கரண்ட் இல்ல, போன் எடுக்கல, ரோடு துண்டாகி போச்சு. எங்க கோயில் கொஞ்சம் மேடு. விடியுறதுக்குள்ள எந்தத் தெரு ஆளு எந்த சாமி கும்புடுற ஆளுன்னு இல்லாம எல்லாரும் அங்க வந்துட்டாங்க, கைப்பிள்ளக்காரி, ஆடு புடிச்சுக்கிட்டு வந்த தாத்தா, எல்லாரும் கோயிலுக்குள்ள பாய் போட்டு.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணன்னு நிக்கும்போது தான் பெண்கள் ஐக்கியத்து பெரியம்மா ஒருத்தங்க, பரண்ல கைப்பிடி அரிசி மூட்டை கெடக்குல்லான்னு கேட்டாங்க. அது வித்து மிஷனெரி காணிக்கைக்கு அனுப்ப வச்சிருந்தது. ஐயர்கிட்ட, அதான் எங்க பாஸ்டர்கிட்ட, கேக்கணுமான்னு ஒருத்தர் இழுத்தாரு, ஐயரு அதுக்குள்ள மூட்டைய தோள்ல தூக்கிட்டு வந்துட்டாரு. அசனத்துக்கு கறி ஆக்குற பெரிய அண்டா இருக்கு பாத்துக்கோங்க, வருசத்துக்கு ஒரு தடவ ஊரே உக்காந்து சாப்பிடுற அந்த அண்டால தான் கஞ்சி காச்சினோம். விறகு ஈரம், பழைய பெஞ்ச ஒடச்சு எரிச்சோம். உப்பு போட்ட வெறும் கஞ்சி தான், ஆனா அதுக்கு பெறகு நான் எத்தன பிரியாணி தின்னுருக்கேன், அந்த ருசி வரல.

அப்புறம் கடக்கரை ஊர்ல இருந்து வள்ளத்த லாரில ஏத்திக்கிட்டு மீனவ அண்ணன்மாரு வந்தாங்க, வள்ளத்துல அந்தோணியார் பேரும் மாதா பேரும் எழுதிருக்கும். ஆத்து வெள்ளம் கடல் மாதிரி கெடையாது, உள்ள மரம் முள்ளுக்கம்பி எல்லாம் கெடக்கும், அதுக்குள்ள எறங்கி மொட்டை மாடில நின்னவங்கள எறக்கிட்டு வந்தாங்க. டீசல் காசாவது வாங்கிக்கங்க அண்ணேன்னு ஊர்க்காரங்க குடுத்தத வாங்கல. ஒரு அண்ணன் மட்டும் கஞ்சி இருந்தா குடுங்கடேன்னு கேட்டு நின்னுக்கிட்டே ரெண்டு சட்டி குடிச்சாரு. நாங்க சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை, அவங்க ஆர்சி, கத்தோலிக்க சபை, எங்க ஊர்ல பெரியவங்க அதுக்குன்னு எவ்வளவு பேசுவாங்க தெரியுமா, அன்னிக்கு ஒருத்தரும் பேசல. அந்த வருசம் கிறிஸ்மஸுக்கு சீரியல் லைட்டு போடல, அந்தக் காசுல பாயும் பாத்திரமும் வாங்கி வீடு இழந்தவங்களுக்கு குடுத்தோம்.

மாஜி சிப்பாய்

தம்பி எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். ஆண்டவர் நல்லா வைக்கட்டும்.

கைப்பிடி அரிசி நம்ம ஊர்ல மட்டும்னு நெனச்சேன், சர்வீஸ்ல மிசோரம் போனப்போ அங்கயும் இருக்கு! வீட்டுல சோறு பொங்கும்போது ஒரு பிடி எடுத்து தனியா வைக்கிறாங்க, சபைப் பெண்கள் வந்து சேத்து வித்து மிஷனெரி அனுப்புறாங்க, புஹ்ஃபாய் தாம்னு சொல்வாங்க. 1894ல தான் ரெண்டு மிஷனரிமாரு அந்த மலைக்குப் போனாங்க, இப்ப ஞாயித்துக்கிழமை ஐஸ்வால்ல ஒரு டீ குடிக்கணும்னா கூட கடை இருக்காது, ஊரே கோயில்ல. போற வழில செலிங்னு ஒரு ஊரு, ரோட்டோரம் மூங்கில் கொட்டகை, உள்ள காய்கறி பழம் பாட்டில்ல ஜூஸு, விலை எழுதிப் போட்ட அட்டை, காசு போட ஒரு டப்பா, கடைக்காரர் கெடையாது. அவங்க மலைல தோட்ட வேலைக்கு போயிருப்பாங்க. நாம எடுத்துக்கிட்டு காசு போடணும், சில்லறை வேணும்னா டப்பால இருந்து நாமளே எடுத்துக்கணும். எங்க பட்டாலியன் பசங்க எல்லா மாநிலமும் எல்லா மதமும் உண்டு, ஒருத்தன் கூட அங்க காசு போடாம வந்து நான் பாக்கல.

நைட் டூட்டி சிஸ்டர்

நான் சுருக்கமா. வேலூர் பக்கம் தொழுநோய் ஆஸ்பத்திரில கொஞ்ச காலம் வேலை பாத்தேன். அங்க செருப்பு தைக்கிற தாத்தா ஒருத்தர் இருந்தாங்க. இந்த நோயாளிங்களுக்கு பாதத்துல உணர்ச்சி இருக்காது, ஆணி குத்தினாலும் தெரியாம நடப்பாங்க, புண்ணாகி அழுகி விரலே போயிடும், அதனால எம்சிஆர்னு சொல்ற மெத்துன்னு இருக்குற ரப்பர்ல ஆணியே அடிக்காம செருப்பு செய்வாங்க. தாத்தா ஒவ்வொரு செருப்பையும் முடிச்சதும் கண்ண மூடிக்கிட்டு உள்பக்கம் முழுக்க உள்ளங்கையால தடவுவாங்க, தையல் முடிச்சு எங்கயாவது துருத்திட்டு இருக்கான்னு. உதடு அசையும். ஜெபம் பண்றீங்களா தாத்தான்னு கேட்டதுக்கு, ஆமா, போடப் போறவங்க பேர சொல்லி தான் தடவுவேன்னு சொன்னாங்க. பேரு ஒரு சின்ன சீட்டுல எழுதி செருப்பு வார்ல கட்டிருக்கும். நானும் இப்ப ஊசி போடப் போறதுக்கு முன்னாடி பெட் நம்பர சொல்றதில்ல, பேர சொல்லி தான் மனசுக்குள்ள ஜெபிக்கிறேன்.

துபாய் தங்கராசு

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் எழுதுறீங்க, படிக்க படிக்க ஆசையா இருக்கு. நான் ஒரு கேள்வி கேக்கலாமா, ஷிப்ட் வேலை, ரூம்ல ஆறு பேரு, குடும்ப ஜெபம்னு ஒண்ணு இல்லாமலே போச்சு. யாராவது இப்படி இருந்து பழக்கத்த விடாம வச்சிருக்கீங்களா?

பனங்காட்டுப் பையன்

இருக்கு அண்ணே. எங்க மச்சான் மஸ்கட்ல கம்பெனி கேம்ப்ல இருக்காரு. ராத்திரி எட்டரைக்கு இங்க அக்கா வீட்டுல ஜெபம் ஆரம்பிக்கும்போது போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சிடுவாங்க. ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், சின்ன பிள்ள வாசிக்கும், முடிவுல பரமண்டல ஜெபம் அவரு அங்க இருந்து சொல்லுவாரு. பத்து நிமிசம் தான். டூட்டி மாறி லைன் கெடைக்காத அன்னிக்கு அக்கா அந்த சங்கீதத்த மட்டும் வாசிச்சு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிடுவாங்க, அவரு காலைல வேலைக்கு போற பஸ்ல கேட்டுட்டு, ஆமென்னு ஒரு மெசேஜ் போடுவாரு. நீங்களும் வீட்டுல பேசிப் பாருங்க, உங்க ஊரு நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்ன பின்ன தான வரும்.