ஸ்விஃப்ட் டீசலுக்கு ரிப்பேர் விவரம் எங்கே தேடுவது?

கரூர்வாசி:
வணக்கம். என்னிடம் 2012 ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் போட்டுவிட்டு, "இ.ஜி.ஆர். வால்வை மாற்றணும்" என்றார்கள் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வாம்). ஸ்கேனில் என்ன கோட் (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது என்று கேட்டேன், பதில் இல்லை. பணத்தைவிட, என் வண்டியின் கோளாறை எனக்கே சொல்லாததுதான் வருத்தம். வண்டியோடு வந்த புத்தகத்தில் "டீலரை அணுகவும்" என்பதோடு சரி. நாமே படித்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பழைய டீசல்:
உண்டு சார். முதலில் அந்தக் கோட் என்ன என்று நீங்களே பாருங்கள். இ.எல்.எம். 327 என்ற சின்ன ஸ்கேனர் வாங்கி, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 பின் ஓ.பி.டி. சாக்கெட்டில் (கோளாறு பார்ப்பதற்கென்றே உள்ள சாக்கெட்) செருகினால் போனிலேயே தெரியும். ரொம்ப மலிவான போலி சில வண்டிகளில் இணையாது, திருப்பித் தர வசதியுள்ள கடையில் வாங்குங்கள்.

அப்புறம், வண்டிப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், இன்ஜினை வைத்துத் தேடுங்கள். உங்களுடையது ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட். மாருதியில் டிடிஐஎஸ், டாடா விஸ்டாவில் குவாட்ராஜெட், ஐரோப்பாவில் ஓப்பல் கோர்சாவில் 1.3 சிடிடிஐ. பெயர்தான் வேறு. ஐரோப்பாவில் இதை வீட்டிலேயே கழற்றி மாட்டுகிறவர்கள் படத்தோடு நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தத் தேடல்தான் கண்ணைத் திறந்தது.

சேலம் எலக்ட்ரீஷியன்:
அவர் சொல்வது இன்ஜினின் இரும்பு பாகங்களுக்குச் சரி. வயரிங்குக்குப் பொருந்தாது! வயர் நிறம், ஃபியூஸ் இடம் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். மாருதி எஸ்எக்ஸ்4 காரில் வந்த இதே இன்ஜினின் 90 குதிரைத்திறன் ரகத்துக்கு டர்போவே வேறு, உங்களுடையது 75. பாகம் வாங்கும்போது அதன் மேல் பொறித்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

கரூர்வாசி:
ஸ்கேனர் வந்துவிட்டது. பி0401 என்று காட்டுகிறது.

பழைய டீசல்:
பி-க்கு அடுத்து 0 வந்தால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோட். 1 என்றால் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கோட். பி0401 என்பது இ.ஜி.ஆர். வழியாகப் புகை போதிய அளவு திரும்பவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. வால்வு செத்துவிட்டது என்று சொல்லவில்லை. டீசலில் கரி அடைப்பது சகஜம், கழற்றிச் சுத்தம் செய்து புது கேஸ்கெட் போட்டாலே பலருக்குச் சரியாகிறது. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு இருந்தாலும் இதே கோட் வரலாம். அந்த சென்சாருக்கென்று விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடியுங்கள், கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்பிரே) வேண்டவே வேண்டாம். இவ்வளவும் பார்த்த பிறகு, ஸ்கேனரில் அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். திரும்ப வந்தால் மட்டும் புது வால்வுக்குப் போகலாம்.